எண்ணிக்கையும் நெறிக்கட்டியும்

1348ல் மார்ச்சுக்கும் ஜூலைக்கும் இடையில் பிளாரன்ஸ் நகரத்தின் மதில்களுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள் என்று 'டெக்கமரான்' முன்னுரையில் பொக்காச்சியோ எழுதுகிறார். அதற்குப் பத்து வருஷம் முன்பு, அதே நகரத்தின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்த வியாபாரி ஜியோவான்னி வில்லானி, ஊருக்கு எவ்வளவு ரொட்டி தேவைப்படுகிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டு, ஜனத்தொகை 90,000 என்று சொல்லியிருந்தார். இன்றைய ஆராய்ச்சியாளர்களில் தாராளமானவர்கள் 1,20,000 வரை போகிறார்கள். வில்லானி சொல்வது சரியென்றால், பொக்காச்சியோவின் கணக்குப்படி பிளாரன்ஸில் ஒருவர்கூட மிஞ்சியிருக்க முடியாது. முன்னுரையை எழுதப் பொக்காச்சியோவும் இருந்திருக்க முடியாது.

ஆனால் அதே முன்னுரையில், இந்த எண்ணிக்கைக்கு வெகு முன்னால், நோயின் அடையாளங்களைச் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. தொடை இடுக்கிலோ அக்குளிலோ வீக்கம் காணும். சில ஆப்பிள் அளவு, சில முட்டை அளவு. ஊர் ஜனங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'கவோச்சொலோ'. கொஞ்ச காலத்தில் அது உடம்பின் மற்ற இடங்களிலும் கிளம்புகிறது. அப்புறம் நோயின் முகம் மாறுகிறது. கையிலும் தொடையிலும் கறுத்த, கன்றிய புள்ளிகள். சிலருக்குப் பெரிதாகக் கொஞ்சம், சிலருக்குச் சிறிதாக நிறைய. பெரும்பாலோருக்கு மூன்று நாளுக்குள் சாவு. கிழக்கு நாடுகளில் மூக்கிலிருந்து ரத்தம் வருவது சாவின் குறியாக இருந்தது, இங்கே அப்படி இல்லை என்ற வித்தியாசத்தையும் குறித்து வைக்கிறார். காய்ச்சல் இல்லாமலே பலர் செத்தார்கள் என்று சொல்வது ஒன்றுதான் இன்றைய வைத்தியருக்கு இடறும். மற்றபடி இது ஒரு நல்ல ஆஸ்பத்திரிக் குறிப்பு.

ஒரே ஆள், ஒரே முன்னுரை. ஓர் உடம்பைப் பார்க்கும்போது முட்டைக்கும் ஆப்பிளுக்கும் வித்தியாசம் தெரிகிற கண், ஊரைப் பார்க்கும்போது ஊரின் அளவையே மறந்துவிடுகிறது. பொக்காச்சியோவுக்கு மட்டும் நேர்ந்த பிசகு அல்ல இது. 14ம் நூற்றாண்டின் கொள்ளைநோயைப் பற்றி எழுதிய சாட்சிகள் அநேகமாக எல்லோரிடமும் இந்தப் பிளவு இருக்கிறது. அடையாளங்களில் அவர்களை நம்பலாம். எண்ணிக்கையில் நம்ப முடியாது. இது ஏன் என்பதுதான் என் கேள்வி. சரித்திரக்காரர்கள் இதைத் தங்கள் அளவில் தீர்த்துவைத்துவிட்டார்கள். எழுதுகிறவர்களுக்கு அது இன்னும் தீராமல் இருப்பதாக எனக்குப் படுகிறது.

*

முதலில் உடம்பு.

அவிஞ்ஞோனில் போப் ஆறாம் கிளெமென்டின் வைத்தியராக இருந்தவர் கி த ஷோலியாக். 1363ல் முடித்த தம் ரணசிகிச்சை நூலில் அவர் 1348ஐ நினைவுகூர்கிறார். நோய் ஜனவரியில் வந்து ஏழு மாதம் இருந்தது. முதல் இரண்டு மாதம் ஒரு வகை: ஓயாத காய்ச்சல், ரத்தமாகத் துப்புவது, மூன்று நாளில் சாவு. பிறகு வந்தது இன்னொரு வகை: காய்ச்சலோடு அக்குளிலும் தொடை இடுக்கிலும் கட்டிகள், ஐந்து நாளில் சாவு. நுரையீரலைத் தாக்கும் பிளேக், நெறிக்கட்டும் பிளேக் என்று இன்று நாம் பிரிப்பதை, கிருமி என்ற கருத்தே இல்லாத காலத்தில், நாள் கணக்கை மட்டும் வைத்து அவர் பிரித்துவிட்டார். குளிர் மாதங்களில் முதல் வகையும் வெயில் ஏற ஏற இரண்டாம் வகையும் என்ற வரிசையும் பொருந்துகிறது. நோயின் கடைசிக் கட்டத்தில் அவருக்கே தொடை இடுக்கில் கட்டி வந்தது. ஏறக்குறைய ஆறு வாரம் கிடந்து, பிழைத்தார். அவப்பெயருக்குப் பயந்துதான் ஊரை விட்டு ஓடவில்லை என்று தைரியம் பற்றிய பீற்றல் எதுவும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறார். இந்த ஒப்புதலைச் செய்யக்கூடியவர் என்பதனாலேயே அவருடைய கட்டிகளை நான் நம்புகிறேன்.

ஏன் தொடை இடுக்கு என்பதற்குப் பதில் 550 வருஷம் கழித்துத்தான் வந்தது. 1894ல் ஹாங்காங்கில் அலெக்ஸாந்தர் யெர்ஸின், செத்தவர்களின் கட்டியைக் கீறிப் பார்த்துக் கிருமியைக் கண்டார். அது அவர் பெயராலேயே இன்று வழங்குகிறது. 1898ல் கராச்சியில் பால் லூயி ஸிமோன், எலியின் உடம்பிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக நோய் தாவுவதைச் சோதித்துக் காட்டினார். தெள்ளு பெரும்பாலும் காலில் கடிக்கிறது. கிருமி அங்கிருந்து மிக அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்கு, அதாவது அரைக்குப் போகிறது. காலில் புண் வந்தால் அரையில் நெறி கட்டுவதை நம் வீட்டுக் கிழவிகள் அறிவார்கள். அதே வழிதான், கிருமிதான் வேறு. இரண்டிலிருந்து ஆறு நாளைக்குள் குளிர், காய்ச்சல், தலைவலி, எழ முடியாத தளர்ச்சி. கட்டி கோழிமுட்டை அளவுக்குப் போகும், தொட முடியாத வலி. சிகிச்சை இல்லாவிட்டால் நெறிக்கட்டும் வகையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சாகக்கூடும். நுரையீரல் வகையில் அநேகமாக ஒருவரும் பிழைப்பதில்லை. ரத்தத்தில் கலந்துவிட்டால் விரல் நுனிகள் கறுத்து அழுகும். 'கறுப்புச் சாவு' என்ற பெயர் இந்தக் கறுப்பிலிருந்து வந்ததென்று பலர் நினைப்பதுண்டு. ஆனால் அந்த நூற்றாண்டின் ஜனங்கள் அப்படி அழைக்கவில்லை. அவர்களுக்கு அது 'பெருஞ்சாவு', அவ்வளவுதான்.

2011ல், லண்டனில் கிழக்கு ஸ்மித்ஃபீல்ட் இடுகாட்டில் 1348, 1349ல் புதைக்கப்பட்டவர்களின் பற்களிலிருந்து அதே கிருமியின் மரபணு முழுவதையும் மீட்டார்கள். பொக்காச்சியோவின் முட்டையும் ஷோலியாக்கின் ஐந்து நாளும் அப்படியாக ருசுவாகிவிட்டன. அடையாளங்களை எழுதி வைத்தவர்கள், தங்களுக்குப் புரியாத ஒன்றைச் சரியாகப் பார்த்திருந்தார்கள். புரிந்ததாக எண்ணிக்கொண்டவர்கள் என்ன எழுதினார்கள் என்பதும் நமக்குக் கிடைக்கிறது. 1348 அக்டோபரில் பாரிஸ் வைத்தியக் கல்லூரியின் ஆசிரியர்கள் அரசனுக்குக் கொடுத்த அறிக்கை, 1345 மார்ச் 20ந்தேதி கும்ப ராசியில் சனியும் குருவும் செவ்வாயும் கூடியதில் காரணத்தைக் கண்டது. தேதி துல்லியம், ராசி துல்லியம். நோயாளியை மட்டும் காணோம்.

ஒரு வாக்கியம் எழுதப்படாமல் போனால் என்ன நஷ்டம் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1340களின் முற்பாதியில் மதுரை சுல்தானிடம் வந்து தங்கிய இப்னு பதூதா, அந்த ஊரில் ஒரு கொள்ளைநோயைக் கண்டார். விழுந்தவர்கள் இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள், மிஞ்சினால் நான்காம் நாள் செத்தார்கள். வெளியே போனால் கண்ணில் பட்டவர்கள் நோயாளிகள் அல்லது பிணங்கள். அவர் வாங்கிய அடிமைப் பெண் மறுநாளே செத்துப்போனாள். சுல்தான் கியாஸுத்தீனின் குடும்பத்தைக் கொண்டுபோயிற்று, கடைசியில் சுல்தானும் செத்துப்போனார். எல்லாம் சொல்கிறார், கட்டி இருந்ததா என்று சொல்லவில்லை. வாந்தியா, பேதியா என்றும் சொல்லவில்லை. ஆகவே அது பிளேக்கா, காலராவா, வேறொன்றா என்று இன்று தீர்மானிக்க வழியில்லை. ஐரோப்பாவில் பிளேக் நுழைவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே அது மதுரையில் இருந்தது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆசையைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை. மதுரையின் சாவு, அடையாளம் இல்லாத சாவு.

*

இனி எண்ணிக்கை.

அதே இப்னு பதூதா 1348ல் டமாஸ்கஸில் இருந்தார். முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் அவரவர் வேதப் புத்தகங்களோடு உபவாசம் இருந்து ஊர்வலம் போனதைக் கண்ணால் கண்டார். அங்கே சாவு நாளொன்றுக்கு 2,000க்குள் நின்றது என்றும், கெய்ரோவில் 24,000 வரை போயிற்று என்றும் எழுதுகிறார். அன்றைய கெய்ரோவுக்கு ஐந்து லட்சம் பேர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அந்த வேகத்தில் மூன்று வாரத்தில் ஊர் காலி. தாம் நின்ற ஊரின் எண் சிறிது, தூரத்து ஊரின் எண் பெரிது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சியனா நகரத்து அன்யோலோ தி தூரா, ஊருக்குள் 52,000, சுற்றுப்புறத்தில் 28,000, ஆக 80,000 என்று கூட்டிக் காட்டுகிறார். சியனாவின் மொத்த ஜனத்தொகையே அந்த 52,000க்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். லண்டனில் ஒரு புதிய இடுகாட்டில் மட்டும் 50,000 பேர் என்று பிற்காலத்தில் ஒரு சிலுவைக் கல்லில் செதுக்கி வைத்தார்கள். லண்டனுக்கு இன்று கணக்கிடப்படும் ஜனத்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதில்லை. பிரெஞ்சுச் சரித்திரக்காரர் ஃப்ருவாஸார் உலகத்தில் மூன்றில் ஒரு பங்கு செத்தது என்றார். அது ஏதோ ஆய்ந்து சொன்னது மாதிரி பாடப் புத்தகங்கள் வரைக்கும் வந்துவிட்டது. விவிலியத்தின் கடைசிப் புத்தகத்தில் கடவுளின் தண்டனையில் அழிகிற மனிதர்களின் பங்கும் அதே மூன்றில் ஒன்றுதான். போப்பின் அலுவலர்கள் கணக்கெடுத்ததாக வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் எண் இன்னும் விசித்திரம்: 4,28,36,486.

பேரேட்டை வைத்துப் பிழைக்கிற எவனுக்கும் இந்த எண்களைப் பார்த்தவுடன் ஒன்று தோன்றும். சைபர்களில் முடிகிற தொகை குத்துமதிப்பு. ஒற்றைவரை எழுதிய தொகை எண்ணியதாக இருக்கும், அல்லது எண்ணியதாகக் காட்டுவதற்காக இருக்கும். நாலரைக் கோடியை நெருங்குகிற சாவில் கடைசி 86 பேரை எண்ணியது யார்?

ஆனாலும் இவர்கள் பொய்யர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு லட்சம் என்பது பொக்காச்சியோவிடம் எண்ணாக வரவில்லை, ஒரு பெயரடையாக வருகிறது. 'தாங்க முடியாத அளவு' என்பதற்கு அவருக்குக் கிடைத்த சொல் அது. வேதத்தின் மூன்றில் ஒன்றும் அப்படியே, 'சொல்லி வைத்தபடி நடந்துவிட்டது' என்று அர்த்தம். மொழி தோற்கிற இடத்தில் எண்ணைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், எண் கணக்கு என்பதால் அதற்குத் தோல்வி இல்லை என்ற நம்பிக்கையில். அங்கேதான் அது தோற்கிறது.

நிஜமான கணக்கு வேறு இடத்தில் இருந்தது. அதை எழுதியவர்கள் யாரும் சாவைப் பற்றி எழுதுவதாக நினைக்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு கோயில் பங்கில் பாதிரியார் இடம் காலியானால், புதியவரை நியமித்ததை பிஷப்பின் பதிவேட்டில் எழுத வேண்டும். 1349ல் அந்த நியமனங்கள் எகிறுகின்றன. அதைக் கொண்டு பாதிரிமார்களில் ஐந்தில் இரண்டு பங்கு முதல் பாதி வரை செத்தார்கள் என்று கணக்கிட்டார்கள். பண்ணைகளில் குத்தகைக் குடியானவன் செத்தால், அவனிடமிருந்த நல்ல மாடு ஒன்று நிலப்பிரபுவுக்குச் சேர வேண்டும். அந்த மாடுகளைக் குறித்த சுருள்களிலிருந்து செத்த குடியானவர்களைக் கணக்கிட்டார்கள். பல பண்ணைகளில் நூற்றுக்கு 40 முதல் 60 வரை வருகிறது. பிரான்ஸில் பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரி என்ற சிற்றூர். கலியாணத்துக்கும் அடக்கத்துக்கும் வரவேண்டிய காசுக்காகக் கோயிலில் வைத்திருந்த ஏடு தப்பியிருக்கிறது. வழக்கமாக வருஷத்துக்கு முப்பது சாவு காண்கிற ஊர். 1348 ஆகஸ்டிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் 600க்கு மேல். அந்த வருஷம் கலியாணமே இல்லை. அடுத்த வருஷம், 1349ல், 86 கலியாணம். பெண்டாட்டி போனவனும் புருஷன் போனவளும் அவசரமாகச் சேர்ந்திருக்கிறார்கள். 600 சாவை விட அந்த 86 கலியாணம்தான் என்னை உலுக்கியது.

இந்த ஏடுகளுக்கும் குருட்டுப் பக்கம் உண்டு. பிஷப்பின் பதிவேட்டில் பதவி இருந்தவர்தான் சாவார். சாகிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார வேண்டிய தொழில் என்பதால் பாதிரிமார்கள் மற்றவர்களை விட அதிகம் செத்திருக்கவும் கூடும். பண்ணைச் சுருளில் நிலம் இருந்தவன்தான் சாவான். பெண்கள், குழந்தைகள், நிலமில்லாத கூலிகள் பெரும்பாலும் எங்கும் இல்லை. காசு வரவேண்டிய சாவுதான் எழுதப்பட்டது, காசு வராத சாவை நாம் ஊகிக்கிறோம். அந்த ஊகத்தில்தான் இன்றைய கருத்து வேறுபாடு முழுவதும் இருக்கிறது. ஐரோப்பாவில் 1347க்கும் 1352க்கும் இடையில் செத்தவர்கள் நூற்றுக்கு 30 என்பாரும் உண்டு, 50 என்பாரும் உண்டு. நார்வே நாட்டு வரலாற்றாசிரியர் ஓலே பெனடிக்டோவ், 8 கோடியில் 5 கோடி என்று 2004ல் வாதிட்டார். 2022ல், ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் படிந்த பழைய மகரந்தத் துகள்களை ஆராய்ந்தவர்கள், சில பிரதேசங்களில் வயல்கள் கைவிடப்பட்டுக் காடு ஏறியதையும், வேறு பல பிரதேசங்களில் விவசாயம் தடையில்லாமல் நடந்ததையும் கண்டார்கள். ஆகவே கண்டம் முழுமைக்கும் ஒரே விகிதம் என்பதே சந்தேகத்துக்கு உரியது. ஒவ்வோர் ஊராகத்தான் போக வேண்டும்.

*

உடம்பைப் பார்க்காமல் சாவைப் பற்றிப் பேசுவதன் விபரீதம் வெறும் கணக்குப் பிழையோடு நிற்கவில்லை. யூதர்கள் கிணறுகளில் விஷம் கலந்தார்கள் என்ற வதந்தி 1348ல் கிளம்பியது. போப் கிளெமென்ட் அதற்கு எதிராக அந்த வருஷமே ஆணை பிறப்பித்தார். அவர் வாதம் எளிமையானது: யூதர்களும்தான் இந்த நோயில் சாகிறார்கள், யூதர்களே வசிக்காத இடங்களிலும் நோய் இருக்கிறது. பிணம் எங்கே, யாருடையது என்று பார்த்தவரின் வாதம் இது. அது எடுபடவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் 1349 பிப்ரவரி 14ந்தேதி யூதர்களை எரித்தார்கள். அன்றைக்கு அந்த நகரத்துக்கு நோய் வந்து சேர்ந்திருக்கவே இல்லை. ஒரு கட்டியைக்கூடப் பார்க்காதவர்கள், கேள்விப்பட்ட எண்களின் பயத்தில் எரித்தார்கள்.

ஆகவே எண்ணிக்கையைப் பற்றிய என் சந்தேகம் கலையழகைப் பற்றியது மட்டுமல்ல. ஆயிரம், லட்சம், கோடி என்று சொல்லும்போது ஒருவித உஷ்ணம் ஏறுகிறது. நம் மேடைப் பேச்சுக்காரர்களுக்கு அது தெரியும். பஞ்சத்தையும் புயலையும் கலவரத்தையும் பற்றி எழுத உட்காரும் நம் கவிஞர்களும் அந்த உஷ்ணத்தையே கவிதை என்று நினைத்துவிடுகிறார்கள். லட்சம் என்று எழுதியவுடன் வாசகன் தலையை ஆட்டுகிறான், ஏனென்றால் அவன் எதையும் பார்க்க வேண்டியதில்லை.

பிளாரன்ஸில் குழிகளில் பிணங்களை அடுக்கிய விதத்தை, மாவுத் தகடும் பாலாடைக்கட்டியும் மாற்றி மாற்றி அடுக்கிச் செய்கிற தங்கள் ஊர்ப் பலகாரத்துக்கு ஒப்பிட்டார், அடுத்த தலைமுறையின் வரலாற்றுக் குறிப்பாளர் மார்க்கியோன்னெ ஸ்டெஃபானி. அதே ஆள் செத்தவர்கள் 96,000 என்றும் எழுதினார். எண் இன்று செல்லாது. பலகாரம் செல்கிறது. சாப்பாட்டையும் பிணத்தையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய நிலைக்கு ஓர் ஊர் வந்துவிட்டது என்பதை அந்த உவமை காட்டுகிறது. 96,000 அதைக் காட்டவில்லை.

அன்யோலோவிடமும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. 80,000 என்று கூட்டிக் காட்டுகிற அதே குறிப்பில், தடியன் என்று அழைக்கப்படுகிற அன்யோலோவாகிய நான் என் ஐந்து குழந்தைகளை என் கையாலேயே புதைத்தேன் என்கிறார். பெயர்கள் இல்லை, வயது இல்லை, அழுகை இல்லை. புதைக்கிற ஆள் கிடைக்கவில்லை என்பதற்குச் சாட்சியமாக அதைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். ஐந்து. அவருடைய எண்களில் சரித்திரக்காரர்களால் குறைக்க முடியாத எண் அது ஒன்றுதான்.

பெட்ரார்க்கின் நூல்களில் லாரா எத்தனையோ கவிதைகளில் இருக்கிறாள். அவள் செத்த செய்தியை, தாம் எப்போதும் திறக்கும் வர்ஜிலின் ஏட்டின் முன்தாளில் அவர் எழுதி வைத்தார்: அவிஞ்ஞோனில், 1348 ஏப்ரல் 6, காலை முதல் மணி. அந்த வருஷத்தின் கோடிக்கணக்கான சாவுகளில், மணி வரைக்கும் தெரிந்த சாவுகள் மிகச் சொற்பம்.

ரொட்டியை வைத்து ஊரை எண்ணிய ஜியோவான்னி வில்லானி என்ன ஆனார் என்று சொல்லவில்லை. 1348ல் நோயைப் பற்றி எழுதிக்கொண்டே வந்தவர், அது எந்த மாதம் வரை நீடித்தது என்று எழுதும் வாக்கியத்தில் மாதத்துக்கு இடம் விட்டு வைத்தார், முடிந்ததும் நிரப்பலாம் என்று. அதற்குள் அவர் செத்தார். அந்த இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது. அவர் தம்பி மத்தேயோ எழுத்தைத் தொடர்ந்தார், 1363ல் மறுபடி வந்த பிளேக்கில் அவரும் போனார். அயர்லாந்தில் கில்கென்னி மடத்துத் துறவி ஜான் க்ளின், ஆதாமின் வம்சத்தில் யாராவது மிஞ்சினால் தொடர்ந்து எழுதட்டும் என்று வெறும் தோல் ஏடுகளை விட்டுவைத்தார். அங்கே வேறொரு கையெழுத்தில், ஆசிரியர் இந்த இடத்தில் இறந்ததாகத் தெரிகிறது என்று ஒரு குறிப்பு இருக்கிறது.

மத்திய ஆசியாவில், இன்றைய கிர்கிஸ்தானில், இஸிக் குல் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிறிஸ்தவ இடுகாடு. அங்கே சிரியாக் எழுத்தில் பொறித்த கல்லறைக் கற்களில் 1338, 1339க்கு உரியவை மட்டும் திடீரென்று அதிகம். சிலவற்றில் சாவின் காரணமும் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறது: கொள்ளைநோய். ஒரு கல் சன்மாக் என்ற விசுவாசியுடையது. 2022ல் அந்த இடுகாட்டின் எலும்புக்கூடுகளில் ஏழு பேரின் பற்களைச் சோதித்ததில், மூன்று பேரிடம் யெர்ஸினின் கிருமி இருந்தது. ஐரோப்பாவுக்கு நோய் வருவதற்குப் பத்து வருஷம் முந்தியது இது. நோய் கிளம்பிய பிரதேசம் அதுவாக இருக்கலாம் என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். 4,28,36,486 என்ற எண்ணைக் கொண்டு யாராலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆளுக்கொரு கல் நட்டு, பெயரையும் வருஷத்தையும் காரணத்தையும் செதுக்கிய ஒரு கல்தச்சனால் முடிந்திருக்கிறது.